பூபாலசிங்கத்தாரின் சுட்டுவிரல்

பூபாலசிங்கத்தாரின் வலக்கைச் சுட்டுவிரல் அசையாமல் மொன்றியலில் எந்தத் தமிழ் மாப்பிள்ளையும் தாலி கட்டியதில்லை என்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக வழங்கிவரும் பேச்சு. இப்பேச்சை வழங்கிவருபவர் பெரும்பாலும் பூபாலசிங்கத்தாரே என்றாலும், அதில் பொய் அதிகமில்லை.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கும் கணத்தில் நாதஸ்வரமும் தவிலும் ஓங்கி முழங்கவேண்டும். அபசகுனமான சொல்லொன்றோ ஒற்றைத் தும்மலோ எவர் காதிலும் விழாதிருக்க முன்னோர் செய்த ஏற்பாடு அது. ஆனால் மேளக்காரர் மண்டபத்தின் ஒரு மூலையில் இருப்பர். மணவறை மறுமூலையில் இருக்கும். இடையில் படப்பிடிப்பாளர் நால்வர், குடைவிளக்குகள், கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்த சித்தப்பாமார். ஆகையால் ஐயரின் முகமும் மேளக்காரரின் முகமும் ஒருங்கே தெரியும் இடத்தில் ஒருவர் நின்று, ஐயர் தலையசைத்த உடனே சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குரல் கொடுக்கவேண்டும். பூபாலசிங்கத்தார் இதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே மண்டபத்துக்குச் சென்றுவிடுவார். நிற்கவேண்டிய இடத்தைத் தேர்ந்து, தரையில் சிறிய ஒட்டுநாடா ஒன்றை ஒட்டுவார். பின்சுவர் கருமையாயின் வெள்ளைச் சட்டை. வெண்மையாயின் கருநீலச் சட்டை. இரண்டும் இஸ்திரி போட்டபடி காரில் தொங்கும்.

அவர் உத்தியோகமும் இதற்கு அதிக தூரத்தில் இருந்ததில்லை. லொங்குய்யில் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் தபாலறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஐந்தாம் மாடியார் எழுதியதை மூன்றாம் மாடியாரிடம் சேர்ப்பார். மூன்றாம் மாடியாரின் மறுமொழியை ஐந்தாம் மாடிக்கு ஏற்றுவார். ஒரு கடிதமேனும் தவறியதில்லை. அறுபத்தேழு வயதுவரை அவர் தாமாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லும்படி கேட்டால், மனைவி சிவமலர் நெடுநேரம் யோசிக்க நேரும். கனடாவுக்கு வந்தது மைத்துனரின் முடிவு. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு பிடித்தது வீட்டுக்காரக் கிரேக்கரின் முடிவு. சிவமலரை மணந்தது சிவமலரின் முடிவு.

அத்தகைய மனிதரை யப்பானிய வாத்தியங்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர், அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஜெறோம். மட்டக்களப்பார், குழாய் திருத்தும் தொழிலாளி. ஒருநாள் வெட்டி எறிந்த குழாய்த் துண்டொன்றை விளையாட்டாக ஊதப்போய், அதிலிருந்து வந்த ஓசையில் மயங்கி, முறையாக ஆசிரியரைத் தேடிச் சென்று ஷாகுஹாச்சி என்னும் யப்பானிய மூங்கிற்குழலைக் கற்றுக்கொண்டவர். சென்ற நவம்பர் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் அவர் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார்.

"அண்ணன், ஒரு கை பிடிக்க வாறீங்களா? கோட்டோவைத் தூக்கோணும். ஆறடி நீளம். தனி ஆளா ஏலா."

"என்ன கோட்டோ?"

"வாங்க, மறுகா சொல்றன்."

கோட்டோ என்பது பதின்மூன்று நரம்புகள் பூட்டிய நீண்ட மரவாத்தியம் என்பதைப் பூபாலசிங்கத்தார் அதன் பாரத்தை உணர்ந்தபின்னரே அறிந்துகொண்டார். அதை இறக்கிய இடம், கலைமண்டபமாக மாற்றப்பட்ட பழைய தேவாலயம் ஒன்றின் நிலவறை. அங்கே நால்வர் காத்திருந்தனர். கோட்டோவுக்கு உரியவர் செலீன். ஐம்பது வயதுக் கியூபெக் மாது. குழுவின் தலைவியும் அவரே. மூன்று நரம்புடைய ஷாமிசெனை மடியில் வைத்திருந்தவர் ஒரு பல் வைத்தியர். தைக்கோ எனப்படும் பெருமுரசுகள் இரண்டின் பின்னால் சகோதரிகள் இருவர், மல்யுத்தத்துக்கு ஆயத்தமானவர்களைப் போல நின்றனர்.

"இனி என்ன பாட்டு வாசிப்பியள்?" என்று பூபாலசிங்கத்தார் கேட்டார்.

"பாட்டு எண்டு ஒண்டும் இல்ல அண்ணன். யாரும் ஒண்டும் எழுதி வைக்கிறதும் இல்ல. சைகை மட்டும்தான் இருக்கு. பதினாறு சைகை. ஆர் வாசிக்கிறது, எப்ப தொடங்கிறது, எப்ப நிப்பாட்டுறது, எவ்வளவு சத்தம், அவ்வளவுதான் சைகை சொல்லும். என்ன வாசிக்கிறதெண்டு அவரவர்தான் அந்த நேரத்தில கண்டுபிடிக்கோணும். குழுவில ஆரும் சைகை காட்டலாம். காட்டினா மற்ற எல்லாரும் கட்டுப்படோணும்."

கட்டு உண்டு, பாட்டு இல்லை என்பது பூபாலசிங்கத்தாருக்குப் பந்தி போட்டுச் சோறு போடாத வீடாகத் தோன்றியது. ஆயினும் மரியாதைக்காகச் சுவரோரக் கதிரையில் அமர்ந்தார். வாத்தியங்கள் மெல்ல ஒலித்தன. மெலிந்து மெலிந்து, இறுதியில் கோட்டோவின் ஒரே நரம்பு மட்டும் நூலிழையாய் அதிர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பல் வைத்தியர் தும்மினார். ஒற்றைத் தும்மல்.

அதன்பின் நிகழ்ந்ததற்குப் பூபாலசிங்கத்தார் பொறுப்பாளி அல்லர். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கமே பொறுப்பாளி. அவர் எழுந்து நின்றார்; சுட்டுவிரல் உயர்ந்து ஆடியது; "கெட்டிமேளம்!" என்ற குரலும் வந்தது.

உடனே நிலவறை இடிந்து விழுவதுபோல ஐந்து வாத்தியங்களும் முழங்கின. சகோதரிகள் முரசுகளைப் பிளந்தனர். ஜெறோமின் குழல் வீறிட்டது. பூபாலசிங்கத்தார் விரலைத் தூக்கியபடியே திகைத்து நின்றார்; விரலை மடக்கியதும் எல்லாம் அடங்கியது.

செலீன் திரும்பிப் பார்த்தார். "எங்கள் பதினோராவது சைகையை உங்களுக்கு யார் கற்றுத்தந்தது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"அது எங்களுக்கு முதலாவது சைகை, மடாம்" என்றார் பூபாலசிங்கத்தார், தபாலறைப் பிரெஞ்சில்.

செலீன் நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜெறோமோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். ஜெறோம் வந்து சொன்னார்:

"அண்ணன், எங்கட எல்லாருக்கும் கையில வாத்தியம். அதால சைகை எப்பவும் பிந்தித்தான் வருகுது. கை சும்மா இருக்கிற ஆள் ஒருத்தர் வேணுமாம். நான் சொன்னன், இவரை விடச் சும்மா இருக்கிற ஆள் மொன்றியலிலேயே இல்லை எண்டு."

செய்தி வீட்டை எட்டியபோது சிவமலர் கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

"யப்பான்காரற்ற மேளத்துக்கு நீங்கள் விரல் ஆட்டப்போறியளோ?"

"ஓம்."

"ஆருக்குக் கலியாணம்?"

"ஒருத்தருக்கும் இல்லை."

"பேந்து ஏன் மேளம்?"

அதற்கடுத்த புதன்கிழமைகளில் அவர் மாலை நான்கு மணிக்கே சட்டை மாற்றத் தொடங்கினார். காரணம் இதுதான்: தபாலறையில் எல்லோரும் அவர் கையைப் பார்த்தனர், மணமண்டபத்தில் எல்லோரும் அவர் விரலைப் பார்த்தனர், இந்த நிலவறையிலோ ஐவர் அவருடைய முகத்தைப் பார்த்துக் காத்திருந்தனர். இச்சுகம் அவருக்குப் புதிது. எவரிடமும் சொல்லிக்கொள்ளவும் கூச்சமாயிருந்தது. ஆகவே அதைச் சொல்லாமல், தாம் யப்பானியக் கச்சேரி ஒன்றை நடத்தவிருப்பதை மட்டும் மார்கழி முடிவதற்குள் கோயிலில் நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டார்.

பதினாறு சைகைகளையும் இரண்டே நாளில் மனனம் செய்தார். உள்ளங்கை கவிழ்ந்தால் ஓசை தாழும். இருவிரல் காட்டினால் இருவர் மட்டும் உரையாடுவர். கையை முன்னே நீட்டி விரித்துக் காட்டினால், அவரவர் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலையிலேயே நிற்கவேண்டும். கைகள் இரண்டையும் மார்பின் குறுக்கே கட்டினால் நிகழ்ச்சி முடிந்தது. செலீனே இடையில் மறந்த ஒன்பதாவது சைகையை அவர் திருத்திக் கொடுத்தார்.

இடர் வேறிடத்தில் இருந்தது. மூங்கிற்குழலில் ஓசை அலையவேண்டுமாயின் ஊதுபவர் தலையை ஆட்டவேண்டும். முதல் வாரம் பூபாலசிங்கத்தார் ஜெறோமின் ஒவ்வொரு தலையசைப்புக்கும் ஒவ்வொரு சைகை கொடுக்க, ஒரே நிமிடத்தில் ஒன்பது கட்டளை பறந்து குழு மூச்சிரைத்தது.

"அண்ணன்! இது ஊதுறதுக்கு ஆட்டுற தலை. உத்தரவுத் தலை இல்ல!"

அதன்பின் அவர் ஜெறோமை விட்டுச் செலீனைப் பார்த்தார். மாற்றம் வேண்டிய கணத்தில் செலீனின் முகத்து நாடி அவரை அறியாமல் சிறிது தாழும். உடனே சைகை பறக்கும். எட்டு வாரம் அருமையாக நடந்தது. ஒன்பதாம் வாரந்தான், இத்தனை நாளும் தம் நாடியாலேயே தாம் குழுவை நடத்தி வந்ததைச் செலீன் கண்டுபிடித்தார். அடுத்த புதன்கிழமை அவர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு அமர்ந்தார். பூபாலசிங்கத்தார் அந்தக் கல்லைப் பார்த்தபடியே நின்றார். பதினொரு நிமிடம் ஒரு சைகையும் பிறக்கவில்லை. வெப்பமூட்டி மாத்திரம் இருமிக்கொண்டிருந்தது. சகோதரிகளில் இளையவர் ஓர் ஆப்பிளைத் தின்று முடித்தார்.

"மிஸ்யூ பூபா, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"

"உத்தரவுக்காக."

"யாருடைய உத்தரவு?"

பூபாலசிங்கத்தார் நேர்மையாக யோசித்துப் பார்த்து, "ஐயருடைய உத்தரவு" என்றார். ஐயர் என்றால் யாரென்று ஜெறோம் விளக்கினார்.

"இங்கே ஐயர் இல்லை" என்றார் செலீன்.

"அதுதான் மடாம் எனக்கும் விளங்கவில்லை. ஐயர் இல்லாமல் நீங்கள் எப்படி இதைத் தொடங்கினீர்கள்?"

செலீன் கோட்டோவின் நரம்புகளைத் துணியால் துடைத்தபடி தம் முடிவைச் சொன்னார். பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை, மாலை மூன்று மணி, மேல்மண்டபத்தில் நாற்பது நிமிட நிகழ்ச்சி. தாம் பூபாலசிங்கத்தாருக்கு முதுகு காட்டி அமர்ந்து, அவருடைய சைகைகளை எதிரே நிற்கும் சகோதரிகளின் கண்ணசைவில் அறிந்துகொள்வார். எப்போது என்பதை மிஸ்யூ பூபா தாமே தீர்மானிக்கவேண்டும். அது அவரால் இயலாதெனின் அன்றைக்கே சைகை காட்டும் பொறுப்பை ஜெறோம் ஏற்றுக்கொள்வார். அதன்பின் மிஸ்யூ பூபா கோட்டோ தூக்க மட்டும் வந்தால் போதும்.

அந்த இரண்டு வாரமும் பூபாலசிங்கத்தார் வீட்டில் தீர்மானம் பயின்றார். தேநீரா கோப்பியா என்று சிவமலர் கேட்டால் கண்ணை மூடிச் சிந்தித்து விடை சொல்ல முயன்றார். விடை வருமுன் தேநீர் வந்துவிடும்.

சனிக்கிழமையும் வந்தது. மண்டபத்தில் அறுபது பேர். அவர்களில் தமிழர் பதினால்வர், முன்வரிசையில். சிவமலர் குளிரங்கிக்குள் காஞ்சிபுரம் உடுத்தி நடுவில் அமர்ந்திருந்தார். வரிசையின் ஓரத்தில், மேடைப்படிக்கு அருகே யோகேந்திரன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் சொந்த வீடுடையவர், பூபாலசிங்கத்தாரைவிடப் பத்து வயது இளையவர், மணமண்டபங்களில் அந்த விரல் தமக்கு வரவேண்டியது என்று பலகாலமாகக் கருதி வருபவர். எந்த நிகழ்ச்சிக்கும் பொன்னாடை ஒன்றோடு வந்து, முடிவில் முதலாளாக மேடையேறி எவருக்காவது போர்த்தாமல் வீடு திரும்பமாட்டார். அன்றும் பொன்னாடை மடியில் இருந்தது. மதியம் உறவினர் வீட்டில் ஆட்டிறைச்சிக் கறியோடு உண்ட சோறு வயிற்றில் இருந்தது.

"பூபாலண்ணை, கண்டபாட்டுக்கு விரலை ஆட்டிப் போடாதையுங்கோ. இது வெள்ளைக்காரச் சனம்" என்று நிகழ்ச்சிக்கு முன்னர் அவர் புத்தி சொன்னார்.

"நீர் இருந்து கேளும்" என்றார் பூபாலசிங்கத்தார்.

விளக்குகள் தணிந்தன. பூபாலசிங்கத்தார் மேடையின் பின்புறத்தில், சபையைப் பார்த்தபடி ஒரு மரப்பெட்டியின்மேல் ஏறி நின்றார். செலீனின் முதுகில் நரைத்த பின்னல் ஒன்று தொங்கியது, பின்னல் தலையசைக்காது. ஜெறோம் கண்களை மூடிக்கொண்டார். பல் வைத்தியரும் சகோதரிகளும் பூபாலசிங்கத்தாரின் முகத்தையே பார்த்தனர். ஒரு நிமிடம் சென்றது. அவர் சிவமலரைப் பார்த்தார். சிவமலர் கண்ணால் ஏதோ சொன்னார். கழுத்துப்பட்டி கோணலாக இருக்கிறது என்பதே அதன் பொருள். இரண்டு நிமிடம் சென்றது. ஜெறோம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். குழலை வைத்துவிட்டுக் கையை உயர்த்துவதற்கு அவர் ஆயத்தமாவது தெரிந்தது.

அவ்வேளையில் யோகேந்திரனின் தலை தாழ்ந்தது. மெதுவாகவும் கம்பீரமாகவும், மூத்த ஐயர் ஒருவர் தாலியை எடுத்துக் கொடுக்கையில் அசைப்பதுபோல, ஒரேயொரு முறை. ஆட்டிறைச்சி தன் வேலையைத் தொடங்கியிருந்தது.

பூபாலசிங்கத்தாரின் கை தானாக எழுந்தது. குழல் ஒலித்தது.

அதன்பின் தடையே இல்லை. யோகேந்திரன் இடப்புறம் சாய்ந்தால் இடப்புறத்து முரசு; வலப்புறம் சாய்ந்தால் ஷாமிசென். நாடி மெல்லத் தாழ்ந்தால் ஓசை தாழ்ந்தது. திடுக்கிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் நின்றனர். உறக்கத்துக்கென்று ஓர் அழகிய தாளம் உண்டு. அதனை அறிவால் அமைக்க எவராலும் இயலாது. சபை முன்னே சாய்ந்து கேட்டது. முதல்வரிசை அம்மையார் ஒருவர் கைகளைக் கோத்து மூச்சடக்கி இருந்தார். செலீனின் தோள்கள் தளர்ந்து இறங்கின. இருபத்தாறாவது நிமிடத்தில் யோகேந்திரனின் தலை முழுப்பாரத்தோடு மார்பில் விழுந்தது. பூபாலசிங்கத்தார் தயங்காமல் சுட்டுவிரலை உயர்த்தி ஆட்டினார்.

ஐந்து வாத்தியங்களும் ஒன்றாய் முழங்கின. யோகேந்திரன் விழித்துக்கொண்டார்.

விழித்தவர், தாம் உறங்கியதை எவரும் அறியக்கூடாதென்று தூணைப்போல நிமிர்ந்து, கண்களை அகல விரித்து, தலையை ஒரு மயிரிழையும் அசைக்காமல் மேடையைப் பார்த்தார். பூபாலசிங்கத்தார் அவரைப் பார்த்தார். அசைவில்லை. முழக்கம் தொடர்ந்தது. விரலைத் தூக்கியவர் இறக்கும்வரை எவரும் நிறுத்தலாகாது என்பது விதி. ஒரு நிமிடம். யோகேந்திரன் ஒரு சிலை. இரண்டு நிமிடம். சகோதரிகளில் மூத்தவரின் கொண்டை அவிழ்ந்தது. ஷாமிசெனின் நரம்பொன்று அறுந்தது; பல் வைத்தியர் எஞ்சிய இரண்டையும் தாக்கினார். ஜெறோமின் முகம் கத்தரிக்காய் நிறமாகி, கண்கள் வெளியே வந்து, 'அண்ணன், செத்துப்போவன்' என்றன.

கலியாண வீட்டில் மூன்றாம் முடிச்சு விழுந்ததும் மேளம் நிற்கும். இங்கே மூன்றாம் முடிச்சு எங்கே? பூபாலசிங்கத்தார் மண்டபம் முழுவதும் கண்ணால் தேடினார். அறுபது முகங்களும் அவரையே பார்த்தன. அவற்றில் ஒன்றேனும் முடிச்சு எங்கே என்பதை அறிந்திருக்கவில்லை. செலீன் அறியார், ஜெறோம் அறியார், யோகேந்திரன் ஒன்றுமே அறியார். அப்படியாயின் இது மூன்றாம் முடிச்சு என்று தாம் சொன்னால், அதை மறுத்துச் சொல்ல இந்த மண்டபத்தில் ஆளில்லை.

விரல் மடங்கியது. முழக்கம் அறுந்து விழுந்தது.

அப்படியொரு அமைதியை அம்மண்டபம் பூசை நடந்த காலத்திலும் கண்டிராது. பூபாலசிங்கத்தாருக்கு அதனைக் கலைக்க மனம் வரவில்லை. அது அவர் உண்டாக்கிய அமைதி. யோகேந்திரனோ நிகழ்ச்சி முடிந்துவிட்டதென்று கருதினார். எவரும் முந்திக்கொள்ளுமுன் எழுந்து, பொன்னாடையை உதறி இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி மேடைப்படியில் இடக்காலை வைத்தார்.

பூபாலசிங்கத்தார் உள்ளங்கையை நீட்டி விரித்தார்: இருந்த நிலையிலேயே நில்.

எத்தனையோ கலியாணங்களில் இந்தக் கைக்குக் கட்டுப்பட்ட கூட்டத்தில் யோகேந்திரனும் ஒருவர். கால் தானாக நின்றது. இடக்கால் படியில், வலக்கால் தரையில், கைகளுக்கிடையில் பொன்னாடை கொடியில் காயும் சேலையாய்த் தொங்க, அவர் நின்றார். இதுவும் நிகழ்ச்சியின் பகுதியே என்று சபை நம்பியது. சிவமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார், தோள்கள் குலுங்கின.

"அண்ணை, எவ்வளவு நேரம்?" என்று யோகேந்திரன் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

பூபாலசிங்கத்தார் இருவிரல் காட்டினார். குழலும் கோட்டோவும் யோகேந்திரனைச் சுற்றி மெல்ல உரையாடின. பொன்னாடை தாழ்ந்தபோது உள்ளங்கையை மேல்நோக்கி உயர்த்தினார், பொன்னாடையும் உயர்ந்தது. மீண்டும் தாழ்த்தினார், தாழ்ந்தது. எவரையும் பார்க்காமல், எவரையும் கேளாமல், பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே அவ்வாறு நடத்தி, தமக்குப் போதும் என்று பட்டபோது கைகளை மார்பின் குறுக்கே கட்டினார்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. யோகேந்திரன் ஒருவாறு மேடையேறிப் பொன்னாடையைப் பூபாலசிங்கத்தாருக்குப் போர்த்தினார்.

"உயிர் போட்டுது அண்ணை. என்னை ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"நிப்பாட்டோணும் எண்டு பட்டுது. நிப்பாட்டினன்."

செலீன் வந்து பூபாலசிங்கத்தாரின் இரு கன்னங்களிலும் முத்தமிட்டார். சிவமலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "இனிச் சைகை உங்களுடையது, மிஸ்யூ பூபா. ஏப்ரலில் அடுத்த நிகழ்ச்சி" என்றார் செலீன். பின்னர் பக்கத்தில் நின்ற யோகேந்திரனை வியப்போடு நோக்கி, விரைவான பிரெஞ்சில் தொடர்ந்தார். அந்தத் துணிக்காரர் அற்புதம். அவ்வளவு நேரம் அசையாமல் நிற்கும் ஆற்றல் பயின்ற நடிகருக்கும் வாய்க்காது. அவரையும் புதன்கிழமைகளில் அழைத்து வரமுடியுமா, ஒருவேளை அவரும் சைகை கற்றுக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

யோகேந்திரன் முப்பது ஆண்டுகளை ஆங்கிலத்திலேயே ஓட்டியவர். பிரெஞ்சில் போன்ஜூர், மெர்சி என்பவற்றைத் தாண்டியதில்லை. செலீனின் முகமலர்ச்சியைக் கண்டு தாமும் மலர்ந்து நின்றார்.

"என்னவாம் அண்ணை? என்னைப் பற்றித்தானே சொல்லுறா?"

பூபாலசிங்கத்தார் இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு கடிதத்தையும் தவறவிட்டதில்லை. செலீனைப் பார்த்தார். யோகேந்திரனைப் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை.

"அவருக்குப் புதன்கிழமைகளில் வசதிப்படாது, மடாம்" என்று பிரெஞ்சில் சொன்னார். பிறகு யோகேந்திரன் பக்கம் திரும்பினார்.

"பொன்னாடை நல்ல நிறமாம் எண்டு சொல்லுறா."